ஐந்நூறு சொல்லுக்குள் ஒரு கம்பி

முகவரிடமிருந்து வந்த மின்னஞ்சல் மொத்தம் நான்கு வரி. நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள் பிடித்திருந்தன. கதைச் சுருக்கம் ஒரே பக்கத்தில் வேண்டும், ஐந்நூறு சொல்லைத் தாண்டக் கூடாது. முடிவை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பினால் அலுவலகக் கூட்டத்தில் வைப்பார்.

பெரிய பதிப்பகங்கள் எழுதுகிறவர்களிடம் நேராகப் புத்தகம் வாங்குவதில்லை. நடுவில் முகவர் ஒருவர் வேண்டும். இவருக்கு முன்னால் பதினொரு பேருக்கு அனுப்பியிருந்தேன். ஏழு பேர் பதிலே போடவில்லை. மற்ற நான்கு பேரும் ஒரே வாசகத்தில் மறுத்திருந்தார்கள், சொல்லிவைத்தாற்போல. இவர் பன்னிரண்டாவது. பதின்மூன்றாவதாக அனுப்ப எனக்கு வேறு முகவரி தெரியாது.

நான் சலவை ஆலையில் வேலை செய்கிறேன். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்து, பிழிந்து, ஆவி ரோலரில் விட்டு, மடித்து அனுப்புவோம். மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை என் ஷிப்ட். பதினைந்து வருடமாக இரண்டாம் நம்பர் ரோலரில் நிற்கிறேன். நாவலும் அந்த ரோலரைப் பற்றியதுதான். தேநீர் இடைவேளைகளில் நோட்டில் எழுதி எழுதிப் பதினொரு நோட்டு ஆனது. தட்டச்சு செய்தபோது நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை முழுக்க உட்கார்ந்தேன். முதல் பக்கத்தைச் சுருக்கவே ஒரு பக்கம் ஆயிற்று.

என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். முழங்கால் பட்டையைக் கட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்ளோ யோசனை? நாலு ரூம் ஒட்டி முடிப்போம். வீட்டுக்காரன் வந்து மொத்தம் எத்தன சதுர அடின்னு கேப்பான். அவன்ட்ட ஒவ்வொரு கல்லாவா சொல்றோம்?"

"முடிவையும் சொல்லணுமாம்."

"முடிவச் சொல்லிட்டா அப்புறம் எவன் வாங்குவான்? 'அவள் கை என்ன ஆனது? ரோலர் நிற்குமா?' இப்படி நாலு கேள்வியப் போட்டு விட்டுடு. போஸ்டர்ல அப்படித்தான் போடுவாங்க."

"போஸ்டர் இல்ல இது. அந்தம்மாவுக்கே தெரியலன்னா எப்படி விக்கிறது?"

"அப்ப சதுர அடியச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கரண்டியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குச் சுருக்கி எழுதத் தெரியாது என்றில்லை. ஆலையில் என் பெயரே ரைட்டரம்மா. ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு லாக் புத்தகம் உண்டு. ஷிப்ட் மாறும்போது போகிறவர் எழுதிவைத்துவிட்டுப் போவார், வருகிறவர் படித்துவிட்டுத் தொடங்குவார். எத்தனை விரிப்பு ஓடியது, சூடு எவ்வளவு, எங்கே நின்றது, என்ன செய்தோம். என் கையெழுத்து நன்றாக இருப்பதால் எங்கள் ஷிப்டில் எல்லா ரோலருக்கும் நானே எழுதுவேன், கீழே கையெழுத்தும் நானே போடுவேன். எட்டு மணி நேரத்தை ஐந்து வரியில் எழுதுகிறவளுக்கு நாவல் எம்மாத்திரம் என்று புதன்கிழமை காலை அதே பாணியில் எழுதினேன். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலை தேநீர் இடைவேளையில் பதில் வந்திருந்தது.

"இந்தப் பக்கத்தில் எல்லாம் நடக்கிறது, ஆனால் யாரும் எதையும் செய்யவில்லை. 'தடுப்புப் பட்டை கட்டப்பட்டிருந்தது' என்கிறீர்கள். யார் கட்டியது? ஏன்? நாவலின் நடுவே நிற்பது அதுதானே. கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வெள்ளி வரை நேரம் இருக்கிறது."

லாக்கில் ஆள் பெயர் எழுதுவதில்லை. ஆலையில் யாரும் போட்ட சட்டம் இல்லை அது, எங்களுக்குள் இருந்த கட்டு. 'பெல்ட் அறுந்தது' என்று எழுதுவோம். அறுத்தவர் யாரென்று எழுதினால் மறுநாள் அவரைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். இன்றைக்கு அவர், நாளைக்கு நாம். அதனால் எங்கள் லாக்கில் இயந்திரங்கள் தாமாகவே நிற்கும், தாமாகவே ஓடும். நல்ல கட்டுதான். பல பேரை அது காப்பாற்றியிருக்கிறது.

என்னையும் காப்பாற்றியது.

*

வியாழக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் நாத்தனார் கணினியைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுப்பது அவள் தொழில். வலது கையில் கட்டை விரல் மட்டும்தான். இடது கையின் ஐந்து விரல் எழுத்துகளை அடிக்கும், வலது கட்டை விரல் இடைவெளி விடும். அந்த ஆறு விரலோடு பத்து விரல்காரிகளை முந்திவிடுவாள். என் பதினொரு நோட்டையும் இரண்டு வருடமாக அடித்துக் கொடுத்தவள் அவள்தான். என் நாவலை முழுதாகப் படித்த ஒரே ஆள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அவளும் இரண்டாம் நம்பர் ரோலரில்தான் இருந்தாள். ரோலருக்குள் துணியை விடுகிற இடத்தில் குறுக்கே ஒரு தடுப்புப் பட்டை இருக்கும். கை பட்டால் பட்டை மேலே தூக்கிக்கொண்டு ரோலரை நிறுத்திவிடும். அன்றைக்கு ஒரு விரிப்பின் மூலை மடிந்து போனது. நேராக்கக் கையை நீட்டினாள். பட்டை தூக்கவில்லை, கட்டுக் கம்பியால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ரோலர் நின்றபோது நான்கு விரல் போயிருந்தது. ஷிப்ட் மாறி இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. அன்றைய லாக்கை நான்தான் எழுதினேன். 'ரோலர் 2, ஒரு மணி நேரம் நின்றது. சுத்தம் செய்யப்பட்டது. ஓடுகிறது.'

முந்தைய ஷிப்டில் அந்த ரோலரை ஓட்டியவன் பெயர் நெட்டை. சட்டைப் பையில் எப்போதும் குறடு வைத்திருப்பான். கம்பியைக் குறடு வைத்துத்தான் முறுக்கியிருந்தது. சூப்பர்வைசருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. லாக்கில் பெயர் இல்லை, குறடு இருந்தது. நெட்டையை வீட்டுக்கு அனுப்பினார்கள். "நான் கட்டல" என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே போனான். பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தான். நாத்தனார் நர்ஸைக் கூப்பிட்டு அவனை வெளியே அனுப்பச் சொன்னாள்.

முகவரின் பதிலை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணி, நூத்தி அறுபத்து மூணாம் பக்கத்துல என்ன இருக்கு சொல்லுங்க."

"மழை."

"ஒன்றரைப் பக்கம் மழை. மழை விட்டதும் பட்டை கட்டிக் கெடக்கு. அடிக்கும்போதே நெனச்சேன், மழையா வந்து கட்டிட்டுப் போச்சு?"

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல."

"நீங்க எழுத்தாளரு. ஏதோ நயமா வெச்சிருக்கீங்கன்னு விட்டேன்." விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும் அண்ணி. நெட்டை பேர எழுத உங்களுக்கு மனசு வரல. வேலையும் போய்த் தெருவுல நின்னவன், பாவம்னு விட்டுட்டீங்க. அதெல்லாம் பாத்தா கதை நிக்குமா? தள்ளுங்க, நான் அடிக்கிறேன்."

அவள் கை ஓடியது. எனக்கு மூன்று நாளாக வராதது அவளுக்குப் பத்து நிமிடத்தில் வந்தது. அப்படி ஒருவர் மற்றவரின் நாவலைச் சுருக்குவதை நான் பார்த்ததே இல்லை. எது முக்கியம், எது இல்லை என்று அவள் யோசிக்கவேயில்லை. கதாநாயகியின் அம்மாவை ஒரே தட்டில் தூக்கினாள். நான் எழுபது பக்கம் எழுதிய வேலைநிறுத்தம் இரண்டு வரியானது. நடுவில் இந்த வாக்கியம் வந்து உட்கார்ந்தது: 'சீக்கிரம் வேலையை முடித்துவிட்டுக் கிளம்ப நினைத்த முந்தைய ஷிப்ட் ஆபரேட்டர், தடுப்புப் பட்டையைக் கம்பியால் கட்டிவிட்டுப் போகிறான்.'

"எத்தன சொல்லு?" என்று கீழே பார்த்தாள். "நானூத்தித் தொண்ணூத்தி எட்டு. ரெண்டு சொல்லு மிச்சம் வேற. அனுப்பவா?"

படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. யார், ஏன், என்ன ஆனது, கடைசியில் என்ன, எல்லாம் இருந்தது. கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவள் கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், என் பதினொரு நோட்டும் ஒரு நல்ல இடத்துக்குப் போய்ச் சேரும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கச் சோறு இருந்தால் மறைக்கலாம். நான் மறைத்திருந்தேன். ஒரு பிடிச் சோற்றில்தான் முடியவில்லை.

"அந்த வரிய அழி" என்றேன்.

"எந்த வரி?"

"ஆபரேட்டர். அவன் கட்டல."

"நீங்க கண்டீங்களா?"

"நான்தான் கட்டினேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழிக்கத் தொடங்கினாள். ஒரு வரியை ஒரே தட்டில் அழிக்கத் தெரிந்தவள், ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் போய் அழித்தாள். அழித்து முடித்த இடத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

"எதுக்கு?" என்றாள்.

"என்னது?"

"எதுக்குக் கட்டினீங்க? அந்தம்மா ஏன்னும் கேட்டிருக்காங்க."

"அன்னிக்கு அறுநூறு விரிப்பு நாலு மணிக்குள்ள போகணும். பட்டை லூசாகி, காத்துப் பட்டாக்கூட நின்னுட்டே இருந்துச்சு. மூட்டைக்குக் கட்டுற கம்பி கெடந்துச்சு."

"குறடு?"

"நெட்டையோடதுதான். அவன் ஷிப்ட் முடிஞ்சு போகும்போது ஓசி வாங்கினேன். வாசல்ல போய்த் திருப்பிக் குடுத்துட்டேன்."

அடித்தாள். "எத்தன மணிக்கு?"

"ரெண்டு அஞ்சு இருக்கும்."

"நான் எங்க இருந்தேன்?"

"தலைக்குத் துணி கட்டிட்டு இருந்த."

அதை அவள் அடிக்கவில்லை. "அப்புறம் ஏன் சொல்லல?" என்றாள்.

"லாக்ல பேரு எழுதறதில்லையே."

"லாக் சரி. ஆஸ்பத்திரியில பதினேழு நாள் என் பக்கத்துல உக்காந்து ஊட்டி விட்டீங்களே. அங்க லாக் இருந்துச்சா?"

"பயம்" என்றேன்.

அதை அடித்தாள். "ஒரே சொல்லு. நல்லதுதான், எடம் மிச்சம்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசம் வந்தது. நான் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன். அவள் கடைசி வரியையும் மாற்றியிருந்தாள். நாவலில் விரல் போனவள் பேருந்தேறிப் போவதோடு முடியும். அவள் அதை எடுத்துவிட்டு, 'கட்டியவள் அதே ரோலரில் இன்னும் வேலை செய்கிறாள்' என்று வைத்திருந்தாள். ஐந்நூறு சொல் சரியாக இருந்தது.

"இந்தப் பக்கத்த ரெண்டு காப்பி எடுங்க. ஒண்ணு அந்தம்மாவுக்கு. இன்னொண்ணு நெட்டைக்கு. போஸ்ட்ல போடக் கூடாது, நீங்களே போய்க் குடுக்கணும். குடுத்த பிறகு அந்தம்மாவுக்கு அனுப்புங்க." கணினியை மூடினாள். "அண்ணன்கிட்ட நான் சொல்லமாட்டேன். அதுவும் உங்க வேலதான்."

'நீங்க' என்பது மாறவில்லை. 'அண்ணி' மட்டும் வரவில்லை. அன்றைக்குப் பிறகு இதுவரை வரவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரரிடம் சொன்னேன். குழாயடியில் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் கழுவிக்கொண்டேயிருந்தார். அதில் சிமெண்ட் ஒன்றும் இல்லை.

"அவ என்ன சொன்னா?"

"ரெண்டு காப்பி எடுக்கச் சொன்னா."

"அவளே அவ்ளோதான் சொன்னான்னா நான் சொல்ல என்ன இருக்கு." வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முழங்கால் பட்டையை மறந்துவிட்டார். அன்றைக்கு வெறும் முழங்காலோடுதான் வேலை செய்திருக்க வேண்டும்.

நெட்டை நெடுஞ்சாலை ஓரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். லாரி டயர் ஒன்றைப் படுக்கப்போட்டு, கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தான். குறடு இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"ரைட்டரம்மா! வண்டி வாங்கிட்டியா என்ன?"

"இல்ல. ஒண்ணு படிக்கணும் நீ."

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். நின்றபடியே படித்தான். உதடு அசைந்தது. பாதியில் நின்று முதலிலிருந்து திரும்பப் படித்தான். தாளின் ஓரத்தில் கிரீஸ் விரல் பதிந்தது.

"குறடு ஓசி கேட்ட இல்ல" என்றான். "எனக்கு மறந்தே போச்சு. வாசல்ல குடுத்த. ஆமா, குடுத்த." கடப்பாரையைக் கீழே வைத்தான். "ஏழு வருஷத்துல அது ஒருதடவ ஞாபகம் வந்திருந்தாப் போதுமே."

நான் சொல்ல வேண்டியது தாளில் இருந்தது.

"இதுல நான் ஒரு வரி வர்றேன். வேலைய விட்டு அனுப்புறாங்க. அப்புறம் ஆளக் காணோம்."

"ஐந்நூறு சொல்லுதான் எழுதலாம்."

"பெரிய புக்குல?"

"அதுலயும் காணோம்."

"ஏன், எழுத மாட்டியா?"

"எங்க போன, என்ன பண்ணினன்னு எனக்குத் தெரியாது."

"கேட்டாத்தான தெரியும்." ஒரு பேனாவை நீட்டினான். "கீழ கையெழுத்துப் போடு. லாக்ல போடுவியே, அதே மாதிரி. தேதியோட."

"எதுக்கு?"

"என் பொண்டாட்டி சண்டை வந்தா முதல்ல அந்த விரலத்தான் எடுப்பா. 'ஒரு பொண்ணு கையை முழுங்கினவன்தான நீ'ன்னு. மாமனார் வீட்டுல இன்னிக்கும் எனக்கு அந்தப் பேருதான். வாயால சொன்னா எவன் நம்புவான்? நானும் ஏழு வருஷமா வாயாலதான் சொல்றேன்."

ஒரு டியூபின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நாவலின் சுருக்கத்துக்கு யாரும் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்கள். அவன் அதை நான்காக மடித்து, குறடு இருந்த பையில் வைத்தான். அந்தத் தாளை அவன் ஆலைக்குக் கொண்டுபோனால் என் வேலை போகும். கொண்டுபோவாயா என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"போ. ரெண்டு மணி ஷிப்ட் இல்ல உனக்கு?" என்று கடப்பாரையை எடுத்தான்.

வீட்டுக்கு வந்து அனுப்பினேன். கூடவே ஒரு குறிப்பும் எழுதினேன்: 'இந்தப் பக்கத்தில் இருப்பது நாவலில் இல்லை. நாவல் இதை மறைத்திருக்கிறது. 163ஆம் பக்கத்திலிருந்து திரும்ப எழுத வேண்டும்.' இதை எழுதியதும் பன்னிரண்டாவது வாசலும் மூடிவிடும் என்றுதான் நினைத்தேன். முடிக்காத சாமானை எவர் வாங்குவார்?

திங்கட்கிழமை பதில் வந்தது. 'இந்தப் பக்கத்தில் இருக்கும் நாவல்தான் எனக்கு வேண்டும். எழுதி முடித்ததும் அனுப்புங்கள். அதுவரை காத்திருப்பேன் என்று வாக்குத் தர முடியாது.'

இப்போது நானே அடிக்கிறேன். நாத்தனார் கணினியைக் காலையில் ஒரு மணி நேரம் விட்டுத் தருகிறாள், உதவிக்கு வருவதில்லை. இரண்டு விரலால் தேடித் தேடி அடித்தால் நாளைக்கு ஒரு பக்கம் நகர்கிறது. நெட்டையின் கடைக்கு மூன்று முறை போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். மூன்றாம் முறை உட்காரப் பழைய டயர் ஒன்றை உருட்டிவிட்டான். தாளை யாரிடம் காட்டினான் என்று இன்னும் சொல்லவில்லை. ஆலையிலிருந்து இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

நேற்று மறுபடியும் நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தேன். நாத்தனார் தண்ணீர் எடுக்க வந்தவள், பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"மழைய எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

செம்பு நிறைகிறவரை நின்றாள்.

"ஒரு நாலு வரி வெச்சுக்கங்க" என்றாள். "அன்னிக்கு மழை பெஞ்சது நெசந்தான்."